முப்பத்தொம்பதுங்க

இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். காரமடை அரங்கநாதர் மேல் ஆணை. அவர் போதாதென்றால் மாசி மாதம் அவர் ஏறி வரும் தேரின் மேலும் ஆணை. கதை அளக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்று மேட்டுப்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதெல்லாம் டீக்கடையோடு சரி. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதத்தில் நான் அளப்பதில்லை.

அம்மணி, நீங்கள் கோயம்புத்தூர் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து வந்து, பொங்கியண்ணன் பண்ணையில் கோழிகள் செத்தது எப்படி என்று விசாரித்தீர்கள். தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் கோழியிலிருந்து ஆரம்பித்தால் விளங்காது. மரியாதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் எருமை வழியை மறித்துப் படுத்திருந்தால், “சித்தெ தள்ளிப் படுங்க” என்றுதான் சொல்வோம். என் தாய்மாமன் வீட்டுக்குத் திருட வந்தவன் அவரை எழுப்பி, “ஏனுங்க, பீரோ சாவி எங்கீங்க?” என்று கேட்டான். மாமாவும், “சாமி படத்துக்குப் பின்னாலீங்க” என்று சொல்லிவிட்டார். இப்படிச் சொல்லிவிட்டீர்களே என்று அத்தை அழுதபோது, “அத்தனை மரியாதையாக் கேட்டவனுக்கு எப்புடி ஆத்தா பதில் சொல்லாம இருக்கறது?” என்றார். திருடனும் போகும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் போனான்.

‘ங்க’ என்பது இரண்டே எழுத்து. அதைச் சேர்த்தால் எதிரில் நிற்பவன் மனுஷன். எடுத்துவிட்டால் அவன் ஒரு கை, ஒரு கால், ஏவிய வேலையைச் செய்கிற ஒரு சாமான். இதைத் தெரியாதவன் எங்கள் ஊரில் கிடையாது. தெரிந்தும் எடுத்தவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பம்ப்செட் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் சென்னியப்பன். ‘சி’ மொழியில் புரோகிராம் எழுதுவேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டால், மாட்டு வண்டியில் ஊட்டிக்குப் போகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

பொங்கியண்ணனுக்குக் காரமடைக்கு மேற்கே கோழிப்பண்ணை. என்னைவிட வயதில் சிறியவர். ஆனால் பெயரிலேயே அண்ணன் இருக்கிறது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அண்ணன் என்று கூப்பிட்டதாகத்தான் ஆகும். பெற்றவர்கள் முன்யோசனைக்காரர்கள்.

அவருடைய ஷெட்டுகள் நாலாபுறமும் அடைத்தவை. ஒரு கோடியில் ஆள் உயரக் காத்தாடிகள். உள்ளே சூடு ஏற ஏறக் காத்தாடிகளை ஒவ்வொன்றாக ஓடவிட வேண்டும். சூட்டைத் தானே அளந்து சொல்லும் கருவி விலை அதிகம் என்று அவர் வாங்கவில்லை. பதிலுக்குச் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, அதைப் படித்துச் சொல்லப் பழனியாத்தாளை வைத்தார். அவள் பல வருஷமாக அங்கே இருப்பவள். கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பண்ணைக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு அறைதான் அவளுக்கு வீடு. அதை விட்டால் தலை சாய்க்க இடம் கிடையாது. இதை எல்லோரும் அறிவோம். நானும் அறிவேன்.

அவள் சொல்லும் அளவு ஒரு கோப்பில் வரிவரியாகச் சேரும். அந்தக் கோப்பைப் படித்துக் காத்தாடிகளை ஓட்டும் புரோகிராம் என்னுடையது. முதலில் அவள் பொத்தானைத் தட்டி எண்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். பொங்கியண்ணனின் மகன் சபரீஷ் ஒரு செல்போனைக் கொண்டு வந்து, வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும் என்றான். அவனே சொல்லியும் காட்டினான். “ரெண்டு, இருபத்தாறு.” ஷெட் இரண்டு, சூடு இருபத்தாறு. கோப்பில் அப்படியே விழுந்தது. காத்தாடி ஒன்று சுழன்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு பழனியாத்தாள் சொன்னாள். “ரெண்டுங்க. இருபத்தேழுங்க.”

சைரன் அலறியது.

அது ஏன் அலறியது என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் அம்மணி. வழக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. கோப்பிலிருந்து அளவுகளை வாங்க ‘சி’ மொழியில் எஃப்-ஸ்கேன்-எஃப் என்று ஒன்று உண்டு. அது வாசலில் நிற்கும் ஆள் மாதிரி. இன்ன வரிசையில் இன்னது வரும் என்று முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். பர்சன்ட் டி என்று எழுதினால் எண்ணை மட்டும் உள்ளே விடுவான். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் அடிக்க மாட்டான், விரட்ட மாட்டான். வாசலிலேயே நிற்க வைத்துவிடுவான். அந்த எழுத்து நகராதவரை பின்னால் வருகிற எவரும் உள்ளே போக முடியாது. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே நடப்பது தெரியாது. கடைசியாக வந்த ஆளே இன்னும் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பழைய கணக்கிலேயே காரியம் பார்ப்பார்கள்.

அந்த ஆளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ஒவ்வொரு தடவையும், கேட்டதில் எத்தனை கிடைத்தது என்று திரும்பிச் சொல்வான். நல்ல புரோகிராமர் அதைக் காதில் வாங்குவான். நான் வாங்கினேன். இரண்டு கேட்டு இரண்டு கிடைக்காவிட்டால் சைரன் அடிக்கும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். அன்றைக்கு அலறியது அந்த வரிதான். எண்ணுக்குப் பின்னால் ‘ங்க’ வந்து வாசலில் நின்றுகொண்டது.

நான் போய் விசாரித்தேன். “ஏன் பழனியாத்தா, எண்ணை மட்டும் சொல்லக் கூடாதா?”

“சொல்லலாமுங்க.”

“சொல்லு பாக்கலாம்.”

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு” என்றாள். தொண்டையைச் செருமினாள். “இருபத்தேழு” என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு போனைப் பார்த்து, “தப்பா நெனைச்சுக்காதீங்க” என்றாள். சைரன் அலறியது.

“அது மெஷினு. அதுக்கு என்ன மரியாதை?”

“அக்கட்டால ஆரோ கேட்டு எழுதறாங்கல்லங்க. மொகம் தெரியாதவங்க. மொட்டையாச் சொன்னா, வளத்த லட்சணத்தைப் பாருன்னு எங்காத்தாளையில்லீங்க பேசுவாங்க?”

அவளை மாற்ற முடியாது என்று தெரிந்துகொண்டேன். புரோகிராமை மாற்றினேன். பர்சன்ட் குறிக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு நட்சத்திரம் போட்டால், ‘வாங்கு, ஆனால் வைத்துக்கொள்ளாதே’ என்று பொருள். எண்ணுக்குப் பின்னால் வருவதையெல்லாம் அப்படி வாங்கிக் கீழே போடும்படி செய்தேன். அதன்பின் அவள் ‘ங்க’ போட்டுச் சொன்னாள், நட்சத்திரம் அதை வாங்கி வீசியது, எண் மட்டும் உள்ளே போனது, காத்தாடிகள் ஓடின. கோழிகள் செழித்தன. அந்த வருஷத்துக் கோழி ஒன்று எடை மேடையில் ஏறி நின்றபோது, தூக்கி வந்த ஆளைவிடக் கூடுதலாகக் காட்டியது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் பார்க்கவில்லை. ஆகையால் சத்தியம் பண்ண மாட்டேன்.

பிறகு மூன்றாவது ஷெட் திறப்பு விழா வந்தது.

குஞ்சு கொடுக்கும் கம்பெனியின் மேனேஜர் வந்திருந்தார். தீவன வியாபாரி யாகூப் கோட்டைமேட்டிலிருந்து வந்திருந்தார். பெரிய மனுஷர்கள் எல்லாம் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். யாகூப் பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கண்ணா, இங்க உக்காருங்க” என்று தன் பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

பொங்கியண்ணன் சொன்னார்: “அவன் நிப்பான், நீங்க உக்காருங்க பாய். டேய் சென்னி, அந்தச் சேரைத் தூக்கி மேனேஜருக்குப் போடு.”

அகலம் குறித்துப் படிப்பது என்று ஒன்று எஃப்-ஸ்கேன்-எஃப்பில் இருக்கிறது. இத்தனை எழுத்து மட்டும் வாங்கு என்று சொல்லிவிட்டால், மிச்சத்தை வாசலிலேயே விட்டுவிடும். என் பெயரில் அவர் சென்னிவரை வாங்கினார். அப்பனை வாசலில் விட்டுவிட்டார்.

நான் நாற்காலியைத் தூக்கிப் போட்டேன். யாகூப் பாய்க்கு முகம் சுருங்கியது. “என்னங்க பொங்கியண்ணே, வயசுல பெரியவரு” என்றார்.

“அட, நம்ம கம்ப்யூட்டர்க்காரன்தானுங்க. மரியாதையெல்லாம் வெளியாளுக்குத்தானுங்க பாய்” என்றார் பொங்கியண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தபடி சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை என்றே அன்றைக்கு எல்லோருக்கும் தோன்றியிருக்கும். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். ஆனால் மறுநாள் பல் துலக்கும்போது “டேய் சென்னி” என்று குழாய் சொன்னது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினால் “டேய் சென்னி” என்று கேட்டது. அரிசி களையும்போது, செருப்புத் தேயும்போது, வாரக்கணக்கில் எந்தச் சத்தமும் எனக்கு வேறு மாதிரி கேட்கவில்லை. அடுப்பில் வைத்த பாலை ஒருவன் பார்த்துக்கொண்டே இருந்தால் பொங்காது என்பார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பொங்கவில்லை. சுண்டியது.

இது எனக்காக வந்த கோபம் இல்லை அம்மணி. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். மரியாதைக்காக வந்த கோபம். ஒரு ஊரே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்த ஒன்றை, ஒரு மனுஷன் பந்தலில் வைத்து மிதித்தான். யாராவது கேட்க வேண்டாமா?

சித்திரை வெயில் ஏறியிருந்த சமயத்தில், பண்ணைக் கம்ப்யூட்டரில் தூசி தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன். பொங்கியண்ணன் “ம்” என்றார். அந்த ‘ம்’முக்குக்கூட ஒரு ‘ங்க’ போடலாம். எங்கள் ஊரில் போடுவார்கள்.

உட்கார்ந்து நட்சத்திரத்தை எடுத்தேன். சைரன் அடிக்கும் வரியையும் எடுத்தேன். அவ்வளவுதான். தூசியும் தட்டினேன்.

மறுநாள் முகூர்த்த நாள். பொங்கியண்ணன் குடும்பத்தோடு கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டரும் காத்தாடி சுவிட்சுகளும் இருக்கிற ஆபீஸ் அறை பூட்டியிருந்தது. ஆட்கள் கை வைத்தால் கரண்ட் பில் ஏறும் என்று சாவியை எப்போதும் அவரே எடுத்துப் போவார். அவர் அன்றைக்குப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பு இருந்தது.

காலையில் பழனியாத்தாள் முதல் அளவைச் சொன்னாள். “ரெண்டுங்க” என்று அவள் சொல்வதைப் போன் எப்படியோ சரியாக எண்ணாக வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தது. கடைசியில் வரும் ‘ங்க’தான் தங்கும். ஆகவே இருபத்தாறு உள்ளே போனது. அதன் பின்னால் வந்த ‘ங்க’ வாசலில் நின்றுகொண்டது. இந்தத் தடவை அதை வாங்கி வீச நட்சத்திரம் இல்லை. சத்தம் போட சைரனும் இல்லை. அவள் முப்பதுங்க என்றாள், முப்பத்திமூணுங்க என்றாள். எல்லாம் வெளியே வரிசையில் நின்றன. உள்ளே புரோகிராமுக்கு இன்னும் காரமடையின் விடிகாலை இருபத்தாறுதான். ஒரு காத்தாடி போதும் என்று அது நிம்மதியாக இருந்தது.

உச்சிப் பொழுதில் எனக்குப் போன் வந்தது.

“ஏனுங்க, காத்தாடி ஒண்ணுதானுங்க ஓடுது. முப்பத்தொம்பது காட்டுதுங்க. கோழியெல்லாம் வாயைப் பொளந்துட்டு நிக்குதுங்க. மொதலாளி போனை எடுக்கலீங்க.”

கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்தில் போன் கேட்டிருக்காது. நான் அப்போது கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தேன்.

“நீ சரியாச் சொன்னயா?”

“சொன்னேனுங்க.”

“மறுபடியும் சொல்லிப் பாரு. மரியாதையாச் சொல்லு, கேக்கும்” என்றேன்.

அம்மணி, நீங்கள் இன்னும் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் அந்த நேரத்துக்கு அப்புறம் உள்ள வரிகளைப் பாருங்கள். ‘முப்பத்தொம்பதுங்க.’ ‘முப்பத்தொம்பதுங்க சாமி.’ ‘சித்தெ காத்தாடியை ஓட்டுங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.’ அதற்குமேல் படிக்க வேண்டியதில்லை. அது முழுக்க மரியாதை.

அவள் ஷெட்டுக்குள் ஓடியிருக்கிறாள். கையில் அகப்பட்டவற்றை அள்ளி அள்ளி வெளியே வேப்பமரத்தடியில் போட்டிருக்கிறாள். பிறகு கடப்பாரையை எடுத்து ஆபீஸ் பூட்டை உடைத்துக் காத்தாடிகளைக் கையால் போட்டிருக்கிறாள். அவை சுழல ஆரம்பித்தபோது ஷெட்டில் இறகு மட்டும்தான் பறந்தது என்று பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் சொன்னதாகச் சபரீஷ் சொன்னான். அவள் வாசலிலேயே மயங்கி விழுந்திருந்தாள். முழங்கைவரை கோழி நகம் கீறிய கோடுகள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறந்ததும் நர்ஸிடம், “சிரமம் கொடுத்துட்டேனுங்க” என்றாளாம்.

மறுநாள் பொங்கியண்ணன் எனக்கு ஆள் அனுப்பவில்லை. அவரே வந்தார். என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“அண்ணா, நீங்கதான் பாத்துச் சொல்லோணுமுங்க. மெஷின் தப்புங்களா, அவ தப்புங்களா? கம்பெனிக்காரன் கேக்கறானுங்க. நீங்க சொன்னாச் சரிங்க.”

ஒரே மூச்சில் எத்தனை ‘ங்க’ என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அண்ணா வேறு. நான் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். மோர் கொடுத்தேன். சட்டை மாற்றிக்கொண்டு அவருடைய காரில் முன்சீட்டில் ஏறிப் பண்ணைக்குப் போனேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மேனேஜர் எனக்கு நாற்காலி போட்டார்.

ஆபீசுக்குள் தனியாகப் போய் நட்சத்திரத்தையும் சைரன் வரியையும் பழைய இடத்திலேயே வைத்தேன். புரோகிராம் என்ன அளவை வைத்து ஓடியது என்பதைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்து வந்தேன். காலையிலிருந்து கடைசிவரை இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு.

“மெஷின்ல தப்பில்லீங்க” என்றேன்.

பழனியாத்தாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். “நான் சொன்னேனுங்க. முப்பத்தொம்பதுங்கன்னு சொன்னேனுங்க” என்றாள். என்னைப் பார்த்து, “உங்களுக்குக்கூடப் போன் பண்ணினேனுங்களே” என்றாள்.

“பண்ணினா. அவ என்ன சொன்னாங்கறது சத்தத்துல வெளங்கலீங்க” என்றேன்.

பொங்கியண்ணன் அவளைப் பார்த்து, “மரத்தடில படுத்துட்டு காலைல சொன்னதையே சொல்லீட்டு இருந்திருக்கறே. பூட்டை வேற ஒடச்சுப்போட்டே. இன்னைக்கே ரூமைக் காலி பண்ணு” என்றார். அவள் சாமான்களைக் கட்டினாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், இரண்டு சாமி படம். கேட்டருகே வந்ததும் திரும்பி நின்று, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, “போயிட்டு வாரேனுங்க” என்றாள். என்னிடமும் சொன்னாள்.

இப்போது மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் அழுகிய உருளைக்கிழங்கைத் தனியே பிரிக்கிறாள். ராத்திரி அங்கேயே சாக்கு விரித்துப் படுத்துக்கொள்கிறாள். நான் அந்தப் பக்கம் காய் வாங்கப் போவதை நிறுத்திவிட்டேன்.

இத்தனை நாள் கழித்து ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். போன வாரம் பண்ணைக்குப் போயிருந்தேன். விசாரணை ஓய்ந்திருந்தது. உங்கள் கம்பெனி பழனியாத்தாள் மேல் போலீசில் புகார் கொடுக்கப் போகிறது என்று சபரீஷ் சொன்னான். அப்போது உள்ளேயிருந்து பொங்கியண்ணன் குரல் வந்தது. “ஆரது, சென்னியா? டேய், வரும்போது கேட்டைச் சாத்தீட்டு வா.”

அன்றைக்கு ராத்திரியே காகிதத்தை எடுத்துவிட்டேன். ஒரு பாவமும் அறியாதவளுக்கு அநியாயம் நடக்கிறபோது கையைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

ஆகவே எழுதிக் கையெழுத்திடுகிறேன். நட்சத்திரத்தை எடுத்தது நான். சைரனை ஊமையாக்கியது நான். மறுபடியும் சொல் என்று சொல்லி நேரத்தைக் கடத்தியது நான். மெஷினில் தப்பில்லை என்று பொய் சொல்லி அவளுடைய வீட்டைப் பறித்தது நான். கோழிகள் நான் தெரிந்தே கொன்றவை. எல்லாம் ஒன்றுக்காக: பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது ஒருவருக்காவது தெரிய வேண்டும் என்பதற்காக. இந்த ஊரில் அதற்காகக் கோபப்பட என்னை விட்டால் ஆள் கிடையாது.

நீங்கள் கேட்காததால் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான் பாக்கி. பழனியாத்தாள் என்னைவிட மூத்தவள். அவளிடம் நான் ஒரு நாளும் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.